சிப்பாய் தளபதியான கதை

(ரமணாசிரமம் பகுதிக் கூட்டத்தில் பேசியது)



அரிசி ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் சேர்ந்து போடப்போகும் கூத்துக்கு, பிரெஞ்சு நாட்டுச் சங்கீத ஹாஸ்ய நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம் என்று நாம் சொன்னோம். "பாரீஸ் பிரபுக்கள் பார்த்த வேடிக்கை நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாடகத்தின் பெயர் 'ஜெரோல்ஸ்டைன் சீமாட்டி'. 1867 ஏப்ரலில் பாரீஸில் அரங்கேறியது. இசை ஓஃபன்பாக், கதையும் பாட்டும் மெய்லாக், அலேவி என்ற இருவர். ஜெரோல்ஸ்டைன் ஒரு கற்பனைச் சமஸ்தானம். அதை ஆளும் இளம் ராணிக்குப் பொழுது போகவில்லை. சும்மா இருந்தால் ராஜ்ய காரியத்தில் கை வைத்துவிடுவாளே, பிறகு தன் அதிகாரம் என்னாவது என்று பயந்த அவளுடைய ஆசான், ஒரு யுத்தத்தையே மூட்டிவிடுகிறான்! ராணிக்கு வேடிக்கை காட்ட ஒரு யுத்தம்!

படையைப் பார்வையிட வந்த ராணிக்கு ஃபிரிட்ஸ் என்ற சாதாரணச் சிப்பாயைப் பிடித்துப்போகிறது. உடனே பதவி உயர்வு. இன்னொரு உயர்வு. நின்ற இடத்திலேயே தளபதியாகிவிடுகிறான். போர்முனைக்குப் போன ஃபிரிட்ஸ், எதிரிப் படைக்கு மதுவை ஊற்றிக் கொடுத்தே ஜெயித்துத் திரும்புகிறான். ஆனால் அவன் மனசு வாண்டா என்ற குடியானவப் பெண்ணிடம் இருக்கிறது. ராணிக்கு ஆத்திரம். வந்த வேகத்திலேயே பட்டங்கள் பறிபோகின்றன. மறுபடி வெறும் சிப்பாய்.

அந்த வருஷம் பாரீஸில் உலகப் பொருட்காட்சி. மூன்றாம் நெப்போலியன் நாடகம் பார்த்தான், ருஷ்ய ஜார் பார்த்தான், பிஸ்மார்க்கும் பார்த்தான். மூன்றே வருஷத்தில், 1870ல், நெப்போலியன் படையும் பிஸ்மார்க் படையும் மோதின. செத்தவர்கள் ஃபிரிட்ஸுகள். யுத்தம் முடிந்ததும், ராணுவத்தைப் பரிகசிக்கிறது என்று இதே நாடகத்துக்குப் பிரான்சில் தடை!

தடை நமக்கும் புதிதல்ல. 1876ல் வெள்ளைக்கார சர்க்கார் நாடகச் சட்டம் போட்டது. 1954ல் எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்துச் சென்னை சர்க்கார் ஒன்று போட்டது. அதன் முக்கியப் பிரிவுகளை ஐகோர்ட் ரத்து செய்வதற்கு 2013 வரவேண்டியிருந்தது.

இந்த ரமணாசிரமம் பகுதிக்குப் பிரான்சிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள், மௌனம் தேடி. நாம் அவர்கள் ஊர்ச் சிரிப்பைத் தேடுகிறோம்! அந்தச் சிரிப்பும் நமக்கு அந்நியமல்ல. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், கிரீடமும் புஜக்கட்டையுமாக ராஜா வந்து நின்றதும், "யாரய்யா நீர்?" என்று கேட்கிறானே கட்டியங்காரன், அவன் ஃபிரிட்ஸுக்கு அண்ணன். முகவீணையும் ஆர்மோனியமும் இருக்கின்றன. பாட்டை நம் மெட்டில் கட்டிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். கட்டியங்காரன் சில இடங்களில் ராஜாவை விட்டுவிட்டு, சேரிக்காரனையும் கைம்பெண்ணையும் ஊனமுற்றவனையும் கேலி செய்து கைதட்டல் வாங்குகிறான். அந்த வசனம் நம் கூத்தில் ஒன்றுகூட வரக்கூடாது. கூத்து வாத்தியாரிடமும் இதைச் சொல்லிவிட்டோம். "அதை எடுத்தால் ஜனங்கள் சிரிக்கமாட்டார்களே" என்றார். ராணியும் மந்திரியும் இருக்கும்போது சிரிப்புக்கென்ன பஞ்சம்?

வாண்டா வேஷம் இன்னும் முடிவாகவில்லை. வழக்கப்படி ஆணுக்கே சேலை கட்டிவிடலாம் என்கிறார்கள் சிலர். நடவு வேலைக்குப் போகும் பெண் தோழர்களோ, "நாங்களே ஆடுகிறோம்" என்கிறார்கள். நாம் அவர்கள் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆலை வேலை முடிந்ததும் ஒத்திகை. ஆட நினைக்கும் பெண்கள் அன்று பேர் கொடுக்கலாம்.