எலெக்ட்ரான் வீழ்ந்த இடத்தில் எழும் ஒளி



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் எமக்கு விஞ்ஞானம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இரவில் ஓடும் வண்டி பச்சை விளக்கை நம்பியே ஓடுகிறது. அவ்விளக்கு இன்று பெரும்பாலும் எல்.இ.டி. என்னும் சிறு படிகம். அப்படிகத்தினுள் குறை இருந்தால் காண்பது எங்ஙனம்?

மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கி ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது. மரக்காலைக் கொண்டு குன்றிமணியை அளக்க இயலுமோ? 1931-இல் ஜெர்மனியில் நோலும் ருஸ்காவும் ஒளிக்கு மாற்றாக எலெக்ட்ரானைக் கொண்டு நுண்ணோக்கி சமைத்தனர். ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிட்டியதோ 1986-இல்! பென்ஷன் நிலுவைகூட அத்துணை தாமதிப்பதில்லை.

எலெக்ட்ரான் பாய்ந்தால் சில பொருள்கள் ஒளி உமிழும். வைரமும் மாணிக்கமும் எதிர்மின் கதிர் பட்டு ஒளிர்வதை 1879-இல் குரூக்ஸ் எடுத்துக்காட்டினார். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை ஒளிர்ந்ததும் இவ்வாறே. இவ்வொளியை நுண்ணோக்கிக்குள்ளேயே பிடிக்கின்றனர். காற்று நீக்கிய அறையில் பொருளுக்கு மேல் ஒரு குழியாடி. அதன் நடுவே சிறு துளை. துளை வழியே எலெக்ட்ரான் கற்றை இறங்கும். பொருள் உமிழ்ந்த ஒளியை ஆடி திரட்டிச் சாளரத்தின் வழியே நிறமாலைக் கருவிக்கு அனுப்பும்.

இங்கேதான் நம் போன்ற குமாஸ்தாக்கள் மெச்சத்தக்க ஒரு நுட்பம் உள்ளது. வந்து சேர்ந்த ஒளியிடம் புறப்பட்ட நிலையத்தின் பெயர் இல்லை. எலெக்ட்ரானை எப்புள்ளியில் செலுத்தினோம் என்னும் கணக்கோ கைவசம் உண்டு. கற்றையின் முனை சில நானோமீட்டரே. புள்ளி புள்ளியாக அதை நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்த ஒளியைப் பதிந்தால் படம் உருவாகிறது.

பச்சை, நீல எல்.இ.டி.க்கள் காலியம் நைட்ரைடு இனத்தவை. நீல விளக்குக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அப்படிகத்தில் அணுவரிசை பிறழ்ந்த இடங்கள் இப்படத்தில் கரும்புள்ளிகளாகத் தோன்றும். அங்கே ஆற்றல் ஒளியாகாது வெப்பமாகி வீணாகிறது. பொன்னின் நுண்துகளோ வேறு வகை: அதிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒருங்கே ஊசலாடி ஒளி தருகின்றன, துகளின் அளவும் வடிவும் மாறினால் நிறமும் மாறும். இவ்வொளி எத்திசையில் செல்கிறது என்பதை ஆம்ஸ்டர்டாமில் போல்மன் குழுவினர் ஆடியின் துணையால் அளந்தனர்.

இடர் இல்லாமல் இல்லை. ஒளி மிக மங்கல். மின்னோட்டத்தைக் கூட்டினால் பொருளே கெடக்கூடும். மின்னழுத்தம் மிகுந்தால் எலெக்ட்ரான் பொருளுக்குள் ஆழச் சென்று பரவும். நாம் குறித்த இடக்கணக்கு தெளிவிழக்கும். ஆகவே அழுத்தத்தைக் குறைத்து, தேவையானபோது படிகத்தைக் கடுங்குளிரில் வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பொறுமையோடு காத்திருக்கின்றனர்.