மறுப்பறிக்கை போதாது, கணக்கு வேண்டும்



மேம்பாட்டாளர்கள் ஊராட்சி மன்றங்களுக்குக் கட்டிய பணம் எங்கே போனது என்று பத்திரிகை எழுதினால் மன்றங்களுக்குக் கோபம் வருகிறது. "செய்தி தவறு, நிருபருக்கு விவரம் தெரியவில்லை" என்று மறுப்பறிக்கை விடுகிறார்கள். இருக்கட்டும், நிருபரும் மனிதர்தான். சரியான தொகை எவ்வளவு ஐயா? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்!

இது யார் பணம்? கூடுதல் மாடிக்கு அனுமதி கிடைத்தால் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏறிய விலையில் ஒரு பங்கை மேம்பாட்டுக் கட்டணமாக வாங்க 1976ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் சட்டம் இடம் தருகிறது. கோலாலம்பூருக்கு 1982இல் தனிச்சட்டம் வந்தது. கூடுகிற நெரிசலும் மழைவெள்ளமும் நம் தலையில் என்றால், கணக்கும் நமக்குத்தான்.

மேம்பாட்டாளரின் பங்களிப்பு ரொக்கமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, வீடாகவும் வரும். கோலாலம்பூரின் புக்கிட் கியாராவைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்திலிருந்து நம் தோட்டப் பாட்டாளிகள் அங்கே நீண்ட வீடுகளில் காத்துக் கிடந்தார்கள். தற்காலிகம் என்றார்கள், பேரப்பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள்! இவர்களுக்கு வீடு என்ற பெயரில்தான் தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் வானுயர் அடுக்குமாடிகளுக்கு 2017இல் அனுமதி கொடுத்தது மாநகர் மன்றம். ஏழைக்கு ஒரு கட்டடம், விற்பனைக்கு எட்டு! ஏழையின் வீட்டைக் காட்டிப் பூங்காவைக் கேட்டார்கள். பூங்காவைக் காக்க வந்தவர்கள் ஏழைக்கு எதிரிபோல் நிற்க வேண்டியதாயிற்று. என் மனம் ஆறாதது இதில்தான்.

திட்டத்தில் பங்குகொண்ட அறநிறுவனத்தின் பொறுப்பிலும் மாநகர் மன்றத் தலைவரான டத்தோ பண்டார் இருந்தார். அனுமதி கொடுத்தவரும் அவரே. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். முடிவெடுத்தால் காரணம் சொல்லும் கடமை உண்டு என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

மன்றத்தில் கேட்பதற்கு நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நின்றது, நின்றதுதான். பத்திரிகையின் வாயையும் அடைத்தால் மிச்சம் யார்?

சிலாங்கூரில் 2011இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கிள்ளான் நண்பர்களே, அதன்கீழ் விண்ணப்பம் போடுங்கள்: எந்த மேம்பாட்டாளர் எவ்வளவு கட்டினார், அது எந்தக் கால்வாய்க்குச் செலவானது? கோலாலம்பூர்க்காரர்களே, அப்படியொரு சட்டம் நமக்கும் வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள்.