ஊர்வரியும் முதுமையும்



கவிதை பேசக் கூடிய அவையில் வரியைப் பற்றிய உரை எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் இங்கிலாந்து நாட்டின் கவிஞர் இருவரும் நாவலாசிரியர் ஒருவரும் ஒரு வரியின் கதையை, அதன் கணக்கை எழுதியவர்களைக் காட்டிலும் நுட்பமாக எழுதி வைத்துள்ளனர். முதியோரையும் உடல் தளர்ந்தோரையும் பேணும் செலவை அவரவர் ஊரே தன் வரியிலிருந்து ஏற்க வேண்டுமா, நாடு முழுவதும் பகிர்ந்து ஏற்க வேண்டுமா என்பதே அக்கதை. நானூறு ஆண்டுகள் கடந்தும் அது முடிந்தபாடில்லை.

1601-ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சி முடிவுறும் காலத்தில், வறியோர் சட்டம் இயற்றப்பட்டது. தேவாலயம் ஒன்றைச் சூழ்ந்த ஊர்ப்பகுதியைக் கிறித்தவர் பங்கு என்று வழங்குவர். பங்குதோறும் வறியோர்க்கான மேற்பார்வையாளர் அமர்த்தப்பட்டனர். நிலமும் வீடும் உடையோரிடம் வரி தண்டி, உழைக்க இயலாத முதியோர், பார்வையற்றோர், கைகால் முடங்கியோர் ஆகியோரைப் பேணுவது அவர்கள் பொறுப்பு. வசதியுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்றும் அச்சட்டம் விதித்தது. வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். கொடுப்பவன் மனம் வைத்தால் நிகழ்வது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வதால் வரும் கடப்பாடு ஒப்புரவு. அப்பிரிவினையைக் கொண்டு நோக்கினால், அதுவரை ஈகையாய் இருந்ததை ஒப்புரவாக்க முயன்ற சட்டம் இது எனலாம். கோயில் உண்டியலில் விழுந்த காசு வரிச்சீட்டாக மாறியது.

அச்சட்டத்தில் அதிகம் பேசப்படாத விதி ஒன்றுண்டு. ஒரு பங்கின் வறியோரை அப்பங்கின் வரியால் மட்டும் பேண முடியாது என்று கண்டால், நீதிபதிகள் அண்டைப் பங்குகளின்மீதும் வரி விதிக்கலாம். வறுமை மிக்க ஊரில் வரி செலுத்துவோரும் வறியரே என்னும் உண்மையைச் சட்டம் வகுத்தோர் முதல் நாளிலேயே அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விதியே சான்று. ஆனால் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது.

வரி ஊருக்குரியது என்றால் வறியோரும் ஊர்வாரியாகப் பிரிக்கப்படுவர். 1662-இல் வந்த குடியமர்வுச் சட்டம் அதைத்தான் செய்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறிய புதியவர் ஒருவர் பின்னாளில் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், நாற்பது நாளுக்குள் அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. ஒரு முதியவளின் ஊர் எது என்று இரண்டு பங்குகள் வழக்காடும் நிலை வந்தது. வழக்குக்குச் செலவிட்ட பொருளைக் கொண்டே அவளுக்குச் சோறிட்டிருக்கலாம். கருவுற்ற ஏழைப்பெண்ணைப் பிள்ளை பிறக்கும் முன்பே எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதும் நிகழ்ந்தது. அயலாரின் முகத்தில் மனிதரைக் காணாமல் செலவைக் காணும் பழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

இச்சூழலை உள்ளிருந்து கண்ட கவிஞர் ஜார்ஜ் கிராப். 1754-இல் கடலோர ஊரான ஆல்ட்பரோவில் பிறந்து, அவ்வூர் ஏழையர்க்கு மருத்துவம் பார்த்து, பின்னர்ப் பாதிரியாரானவர். 1783-இல் வெளிவந்த ‘கிராமம்’ என்னும் அவருடைய நெடுங்கவிதையில் பங்கின் வறியோர் இல்லம் ஒன்று வருகிறது. பெற்றோரற்ற குழந்தைகளும் கைவிடப்பட்ட முதியோரும் ஒரே கூரையின்கீழ்க் கிடக்கின்றனர். ஊர்ச்சம்பளம் பெறும் மருத்துவர் நோயாளியை நின்று பாராமல் விரைகிறார். பாதிரியாரோ வருவதே இல்லை. நாட்டுப்புற வாழ்வை ஆயர்பாட்டாகப் பாடிவந்த மரபுக்கு எதிராக எழுந்த கவிதை அது. வரி தண்டப்பட்டது, இல்லம் கட்டப்பட்டது, ஆள் அமர்த்தப்பட்டார். ஆனால் பேணுதல் நிகழவில்லை என்பதுதான் கிராப் கண்ட உண்மை.

வேர்ட்ஸ்வொர்த் இதன் மறுபுறத்தைக் கண்டார். 1800-இல் அச்சேறிய, கம்பர்லாந்தின் முதிய இரவலனைப் பற்றிய அவருடைய கவிதையில், குறித்த நாளில் குறித்த வீடுகளைச் சுற்றிவரும் கிழவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிடித்து வறியோர் இல்லத்தில் அடைத்துவிடாதீர் என்று ஆள்வோரைக் கவிஞர் வேண்டுகிறார். அவன் வருகையால் ஊரார் நெஞ்சில் இரக்கம் உலர்ந்துபோகாமல் காக்கப்படுகிறது என்பது அவர் வாதம். உயர்ந்த கவிதை, ஆனால் உடன்படத் தயக்கம் தரும் வாதம். ஊரின் மனம் நெகிழ்வதற்காக ஒரு கிழவன் பனியில் அலைய வேண்டுமா என்ன? எனினும் அவர் அஞ்சியதில் பொருள் உண்டு. வரி கொடுத்துவிட்டோம், இனிக் கிழவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஊர் கருதத் தொடங்கும் இடத்தை அவர் முன்னரே கண்டுகொண்டார்.

1834-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பங்குகளை ஒன்றியங்களாக இணைத்து, உதவி நாடுவோரைத் தொழில்விடுதிக்குள் வரச்செய்தது. வெளியே உழைக்கும் கடைக்கோடித் தொழிலாளியின் நிலையைவிட விடுதியின் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. டிக்கன்ஸ் இதைப் பற்றி எழுதியது ‘ஆலிவர் ட்விஸ்ட்’ வழியாகப் பலரும் அறிந்ததே. ஆனால் முதுமையைப் பற்றி அவர் எழுதியவற்றுள் தலையாயது, 1864-65-இல் தொடராக வந்த அவருடைய கடைசி முழு நாவலில் வரும் பெட்டி ஹிக்டன் என்னும் மூதாட்டியின் கதை. ஊரார் செலவில் புதைக்கப்படும் இழிவு வரலாகாது என்று தன் அடக்கத்துக்கான காசை உடையில் வைத்துத் தைத்துக்கொண்டு, தொழில்விடுதியின் பிடியில் அகப்படாமல் ஊர்ஊராக நடந்து, ஆற்றோரத்தில் உயிர்விடுகிறாள். வள்ளுவர் இரவச்சம் என்று ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பிட்டார். அச்சொல் இம்மூதாட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. உதவி இல்லாததால் அவள் சாகவில்லை. உதவி வந்த முறையால் செத்தாள்.

இனி லண்டனின் கிழக்கே, கப்பல்துறைகளை ஒட்டிய பாப்லர் என்னும் பகுதி. அன்றாடம் துறைமுகத்தில் கூலிக்கு நிற்போர் மிகுந்த ஊர். முதல் உலகப்போர் முடிந்தபின் 1920-21-இல் வேலையின்மை பெருகியபோது, வேலை இழந்தோரும் முதியோரும் நோயாளரும் வறியோர் உதவியை நாடினர். அச்செலவில் பெரும்பகுதியைப் பாப்லரே தன் வரியில் தாங்க வேண்டியிருந்தது. ஒரே வரிவீதத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் திரட்டிய தொகையில் ஒரு சிறு பகுதியே பாப்லருக்குக் கிட்டியது. ஏனெனில் ஒன்றில் மாளிகைகளும் வணிகக் கட்டடங்களும் இருந்தன, மற்றொன்றில் தொழிலாளர் குடியிருப்புகள் இருந்தன. இதற்கு மேல் லண்டன் மாவட்ட மன்றம், பெருநகரக் காவல்துறை முதலிய அமைப்புகளுக்காகவும் ஊர் மன்றமே வரி தண்டித் தர வேண்டும். அவ்வாறு தண்டித் தரும்படி இடும் ஆணைக்கு ஆங்கிலத்தில் பிரிசெப்ட் என்று பெயர். நீதிமொழிக்கும் அம்மொழியில் அதுவே பெயர் என்பது ஒரு வேடிக்கை.

1921-இல் ஜார்ஜ் லான்ஸ்பரியைத் தலைமகனாகக் கொண்ட பாப்லர் மன்றத்தார் அந்த ஆணைவரியைத் தண்ட மறுத்தனர். சூலை 29 அன்று மக்கள் சூழ உயர்நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். செப்டம்பரில் மன்ற உறுப்பினர் 30 பேர் சிறை சென்றனர். ஆடவர் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், மகளிர் ஐவர் ஹாலோவே சிறைக்கும். அம்மகளிருள் நெல்லி கிரெசால் நிறைசூலி. மகளிரைப் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவரச் செய்து சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டத்தை நடத்தினர். அண்டை மன்றங்கள் இரண்டும் அவ்வழியே செல்லத் தலைப்பட்டதும் அரசு இறங்கி வந்தது. அக்டோபர் 12-இல் அனைவரும் விடுதலையாயினர். அவ்வாண்டு முடிவதற்குள் வறியோர் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பகிரும் சட்டம் வந்தது. சிறை சென்றவருள் ஒருவரான மின்னி லான்ஸ்பரி 1922 சனவரி முதல் நாள் இறந்தார். அவருக்கு வயது 32.

பாப்லர் மன்றத்தார் வரி கொடுக்க மனமின்றிக் கலகம் செய்தவர் அல்லர். ஏழையர்க்குக் கொடுத்துவந்த உதவியைக் குறைக்க அவர்கள் உடன்படவில்லை. உள்ளூர் ஏழைக்கு உள்ளூர் ஏழையே வரி செலுத்தும் முறையைத்தான் எதிர்த்தனர். 1601-இன் மறக்கப்பட்ட விதியை அவர்கள் சிறையிலிருந்து நினைவூட்டினர்.

அதன்பின் சுமை தாங்கும் எல்லை விரிந்தது. 1929-ஆம் ஆண்டின் சட்டத்தால் வறியோர் காப்பாளர் அவைகள் ஒழிந்து பொறுப்பு பெரிய மன்றங்களிடம் சென்றது. 1948 சூலை 5 அன்று தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை முடித்துவைத்தது. ஆனால் அங்கேதான் ஒரு கோடு விழுந்தது. மருத்துவம் நாட்டின் பொறுப்பு, கட்டணம் இல்லை. குளிப்பாட்டுதல், உடுத்துதல், ஊட்டுதல், கைப்பிடித்து நடத்துதல் ஆகியன உள்ளாட்சியின் பொறுப்பு, வசதியைப் பார்த்துக் கட்டணம். புற்றுநோய் கண்டவரின் மருத்துவச் செலவை நாடு ஏற்கிறது. நினைவு தேய்ந்து, பெற்ற மகளையே அடையாளம் காணாதவரின் அன்றாடப் பராமரிப்பில் பெரும்பகுதியை அவரும் ஊரும் ஏற்க வேண்டும். நோயின் பெயர் மாறுவதால் வீட்டையே விற்கும் நிலை வருகிறது. 2010 முதல் இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருப்பவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும் என்பது விதி. பராமரிப்பு இல்லத்தில் நிலையாகச் சேர்ந்தால், துணைவர் போன்றோர் வீட்டில் வாழ்ந்தாலன்றி, வீட்டின் மதிப்பும் அக்கணக்கில் சேரும்.

உள்ளாட்சியின் கையில் உள்ள வரி கவுன்சில் வரி. 1990-இல் தலைவரி கலவரத்தில் முடிந்தபின் 1993-இல் வந்தது. வீடுகளின் 1991-ஆம் ஆண்டு மதிப்பைக் கொண்டு எட்டுப் படிகள் வகுத்தனர். இங்கிலாந்தில் அதன்பின் முழு மறுமதிப்பீடு நடந்ததேயில்லை. முதற்படியின் உச்சம் 40,000 பவுண்டு. கடைசிப்படி 320,000 பவுண்டுக்கு மேல். மதிப்பு எட்டு மடங்கைக் கடந்தாலும் வரி மூன்று மடங்கே. 2010-க்குப் பின் நடுவரசு உள்ளாட்சிகளுக்கான மானியத்தை வெட்டிய நிலையில், 2015 நவம்பரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஒரு வழி சொன்னார். பராமரிப்புக்கென்றே மன்றங்கள் கவுன்சில் வரியில் ஆண்டுக்கு 2 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். 2016-17 முதல் அது வரிச்சீட்டில் தனி வரியாக இடம்பெற்றது. அதற்கு வைத்த பெயர் பிரிசெப்ட். பாப்லரை அறிந்தோர் அப்பெயரைக் கேட்டு வியந்திருப்பர்.

2 விழுக்காடு என்பது எங்கும் ஒரே அளவு போலத் தோன்றும். ஹல், லிவர்பூல் நகரங்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் முதற்படியில் உள்ளவை. சர்ரே மாவட்டத்தின் நிலை வேறு. ஒரே விழுக்காட்டில் ஓரிடத்தில் குடம் நிறைகிறது, மற்றோரிடத்தில் செம்பும் நிறைவதில்லை. தேவையோ நேர்மாறு, வறிய நகரத்தில் உடல்நலக்குறைவு முன்னரே வருகிறது, தம் கைப்பொருளால் செலவை ஏற்கக்கூடியவரும் குறைவு. மன்றங்கள் இத்துறையில் செலவிடுவதில் ஏறத்தாழப் பாதி, முதியோருக்கன்றி உழைக்கும் வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு என்பதும் பலர் மறக்கும் செய்தி. வளம் மிக்க சர்ரேயே 2017-இல் வரியை 15 விழுக்காடு உயர்த்த மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவித்துப் பின்னர்க் கைவிட்டது. சர்ரேக்கே இந்நிலை எனில் ஹல் என்ன செய்யும்?

ஊர்வரிக்கு ஆதரவான வாதம் அற்பமானதன்று. எந்தத் தெருவில் எந்த முதியவள் தனித்திருக்கிறாள் என்பதை ஊர் அறியும். தலைநகரத்து அலுவலகம் அறியாது. தாம் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று மன்ற உறுப்பினரை மறித்துக் கேட்க முடியும். வேர்ட்ஸ்வொர்த்தின் கிழவன் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறான். ஆனால் அறிதல் வேறு, செலவைத் தாங்குதல் வேறு. முகத்தை அறியும் பணியை ஊரிடமும், செலவை நாட்டிடமும் வைக்க முடியாது என்று யாரும் நிறுவிக்காட்டவில்லை. நடுவரசே இதை அரைமனத்தோடு ஒப்புக்கொண்டுள்ளது; 2017-க்குப் பின் தரும் பராமரிப்பு மானியங்களில் ஒரு பகுதியை, இந்தக் கூடுதல் வரியால் குறைவாகத் திரட்டும் மன்றங்களுக்கு அதிகம் சேரும்படி பங்கிடுகிறது. ஊர்வாரியாக வரி தண்டி, அதனால் விளைந்த பள்ளத்தை நாட்டு வரியால் நிரப்புவது சுற்றுவழி.

நேர்வழிக்கு நடந்த முயற்சிகள் பலவும் பாதியில் நின்றன. ஒருவர் வாழ்நாளில் செலுத்தும் பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 2011-இல் ஆண்ட்ரூ டில்னாட் குழு பரிந்துரைத்தது. 2014-இல் சட்டமாகியும் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2024 சூலையில் கைவிடப்பட்டது. 2017 தேர்தலில் தெரசா மே முன்வைத்த திட்டத்தை எதிரிகள் ‘மறதிநோய் வரி’ என்று பெயரிட்டே வீழ்த்தினர். இரண்டு சொற்கள் ஒரு கொள்கையைக் கொன்றன, சொல்லின் ஆற்றலை அறிந்த அவைக்கு இது வியப்பாகாது. 2022 ஏப்ரலில் காப்புறுதிக் கட்டணத்தோடு 1.25 விழுக்காடு கூட்டி நாடு தழுவிய தனி வரிக்கு வழிகோலினர். அவ்வாண்டு நவம்பரிலேயே அது நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்து மட்டும் 2002 முதல் 65 வயது கடந்தோர்க்கு உடல்சார் பராமரிப்பைக் கட்டணமின்றி வழங்கிவருகிறது; அங்கும் இல்லத்தில் தங்கும் செலவும் உணவுச் செலவும் தனி.

2025 சனவரியில் லூயிஸ் கேசி அம்மையார் தலைமையில் புதிய ஆணையம் அறிவிக்கப்பட்டது. முதற்கட்ட அறிக்கைக்கு 2026-உம், இறுதி அறிக்கைக்கு 2028-உம் காலவரையறை. அதுவரையிலும் மார்ச்சு மாதந்தோறும் வரிச்சீட்டு ஹல் நகரத்துக்கும் வரும், சர்ரேக்கும் வரும்.