இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு?

பஸ் சர்வீஸ் பண்ற பட்டறையில நாலு தூண் லிஃப்ட் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு தூணுக்கும் தனி மோட்டார். எடை அதிகமா இருக்கிற பக்கம் மெதுவா ஏறலாம். ஒரு தூண் ரொம்ப முந்தினா வண்டி சாயும், கீழே ஆள் நிற்பார். அதனால ஒவ்வொரு தூணும் தன் உயரத்தை கன்ட்ரோலருக்குச் சொல்லும். முந்தினது நிற்கும், பின்தங்கினது வந்து சேரும். மாசி வீதியில ரெண்டு வடமும் சமமா வந்தாத்தானே தேர் நேரா வரும், அதே லாஜிக்.

இப்போ ஒரு கம்பெனி வயருக்குப் பதிலா வயர்லெஸ் வெச்சு பேட்டன்ட் வாங்கிருச்சுன்னு வைங்க. கப்பலூர் சிட்கோவுல அதே மாதிரி லிஃப்ட் செய்ற சின்னப் பட்டறைக்கு நோட்டீஸ் வருது. "இதை யார் வேணும்னாலும் செய்யலாமே"ன்னு சொன்னா கோர்ட்டில் எடுபடுமா?

இதுக்கு வழிகாட்டுறது ஒரு பாத்திரக் கேஸ். லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக் கடையும் முறைக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் 1951ல் பேட்டன்ட் போட்டது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனத்தோடு நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978 டிசம்பர் 13ல் பேட்டன்ட் செல்லாது என்று தீர்ப்பானது. தெரிந்த பாகங்களைச் சேர்த்து வைப்பது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாட்டைத் தாண்டி ஏதாவது இருக்கணும்.

ஆனா ஒரு கண்டிஷன். விடை தெரிஞ்ச பிறகு எல்லாமே ஈஸியாத்தான் தெரியும். அதனால கேள்வி இதுதான்: பேட்டன்ட் விண்ணப்பித்த தேதிக்கு முன்னாடி, அந்தத் துறையில் திறமையான ஒருத்தர், இந்தக் கண்டுபிடிப்பைப் பார்க்காமலே, அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வெச்சு இங்கே வந்து சேர்ந்திருப்பாரா?

நம்ம லிஃப்ட்டுக்கு வருவோம். வயரை எடுத்துட்டு ரேடியோ வெச்சேன் என்பது மட்டும்னா பேட்டன்ட் நிற்பது கஷ்டம். ஆனா பஸ் அந்தரத்துல இருக்கும்போது சிக்னல் போனா, நாலு தூணும் எப்படி ஒண்ணா நிற்கும்? அதுக்கு யாரும் யோசிக்காத வழி கண்டுபிடிச்சிருந்தா கதை வேற. கோட் எழுதுற நமக்குத் தெரியும், கஷ்டமெல்லாம் எரர் ஹேண்ட்லிங்லதான்.

பட்டறை வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. "நாங்க முன்னாடியே செஞ்சு வித்தோம்" என்ற வாய்ப்பேச்சு போதாது. தேதி போட்ட டிராயிங், பில், டெலிவரி சலான் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. வெளிப்படையா புழக்கத்தில் இருந்ததுன்னு காட்ட முடிஞ்சா, அந்தப் பேட்டன்ட்டையே ரத்து பண்ணக் கேட்கலாம். பழைய பில் புக்கை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.