திண்டுக்கல்லின் மறுபாதி ஊர்கள்



சேலத்திலிருந்து நாமக்கல், கரூர் தாண்டித் தெற்கே போனால் திண்டுக்கல். 2000ஆம் ஆண்டு அம்மாவட்டக் கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய பெரிய ஆய்வொன்று தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதி ஊர்களில் செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெளுத்துத் தெரிந்தால் மேற்கொண்டு சோதனை, சிகிச்சை. மறுபாதி ஊர்களில் அது கிடையாது, வழக்கமான கவனிப்பு மட்டும். நம் ஊர்களின் வழக்கமான கவனிப்பு எப்படிப்பட்டது என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள், அந்நோயால் 83 மரணம். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள், 92 மரணம். பரிசோதனையால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள். மலிவான முறை, உயிர் காக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. நாட்டில் பரிசோதனைத் திட்டமே இல்லாதபோது அப்பெண்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை என்பது ஆய்வை ஆதரிப்போர் வாதம். பாப் ஸ்மியர் சோதனை பல பத்தாண்டுகளாக இருந்ததே, நகரத்தில் வசதியுள்ள பெண்ணுக்குக் கிடைத்ததே என்பது எதிர்வாதம். நாம் இரண்டாவது பக்கம். ஊருக்கு ஒரு நியாயம், சேரிக்கு ஒரு நியாயம் என்று வாழ்ந்தவர்களுக்கு 'உள்ளூர்த் தரம்' என்கிற பேச்சு புதிதல்ல.

இன்றைக்கு வருவோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். தனியார் பாலிசிகளில் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை'யை விலக்கத் தனி விதியே உண்டு. ஆகவே, கைவிட்டாயிற்று என்ற நிலையில் புது மருந்து ஆய்வில் சேரும் புற்றுநோயாளி காப்பீட்டை நம்ப முடியாது. அவருக்குள்ள பிடி 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். இறந்தால் இழப்பீடு வாரிசுக்கு. செலவு ஆய்வை நடத்தும் நிறுவனத்துடையது.

ஆனால் கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டுமே! கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை நோயாளியிடம் தர வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ தறி ஓட்டும் ஒருவர் இப்படிக் கைநாட்டு வைக்கப்போகிறார் என்று தெரிந்தால், நம் மாணவர்கள் அந்தச் சாட்சியாகப் போய் உட்காரலாம்.