சுவர் விழும் முன்னே விழித்துக்கொள்வோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் உட்காருங்க. இன்று நம் வீட்டைப் பற்றிப் பேசணும்.

2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடியது. ஏழு உயிர் போச்சு. அதில் ஐந்து குழந்தைகள். அந்த மாதம் 13ஆம் தேதி தீபத்தன்று பக்தர்களை மலை ஏற விடவில்லை.

"மலையடியில் ஏன் வீடு கட்டினாங்க?" என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். பூ விற்கவும், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கவும், சித்தாள் வேலைக்கும் நம்ம கிராமங்களிலிருந்து போனவங்களுக்கு டவுன் வாடகை கட்டுமா? கிடைத்த இடத்தில் ஒரு சுவர் எழுப்புறாங்க. கரண்ட் வருது, வீட்டு வரி ரசீது வருது. இனி பயமில்லை என்று நினைக்கிறாங்க. ஆனால் வரி ரசீது வேறு, பட்டா வேறு. இரண்டுமே கையில் இருந்தாலும் பாறை பார்த்து விழுமா?

இப்போ டவுனும் மாறி வருது. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆச்சு. மாட வீதிகளில் கான்கிரீட் சாலை போட்டாங்க. மலை ஆக்கிரமிப்பு பற்றி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ரோடு நல்லா ஆகணும், ஆபத்தான வீடு காலியாகணும். இரண்டையும் நாம் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். காலி செய்கிற குடும்பம் அன்று ராத்திரி எங்கே படுக்கும்?

சென்னை திருவொற்றியூரில் நடந்ததைக் கேளுங்க. 2021 டிசம்பர் 27 அன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்து எச்சரித்ததும் சாமானைப் பார்க்காமல் எல்லோரும் வெளியே வந்துட்டாங்க. பாத்திரம் போச்சு, பீரோ போச்சு. பிள்ளைங்க இருக்காங்க. அதனால் "வீடு ஆபத்து" என்று யாராவது சொன்னால் முதலில் வெளியே வாங்க. உரிமையை வெளியே நின்றுகொண்டு கேட்போம்.

உரிமை என்ன இருக்கு? வீட்டை இடிப்பது பற்றி 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 15 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். நம்ம பக்கத்தைக் கேட்கணும். எழுத்தில் உத்தரவு போட்டு, அதன்பின் இன்னும் 15 நாள் விடணும். ஆனால் ரோடு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் கட்டியதற்கும், கோர்ட் உத்தரவு உள்ளதற்கும் இது பொருந்தாது. இதையும் சேர்த்தே தெரிஞ்சுக்கணும். பாதி தெரிந்து சண்டைக்குப் போனால் நமக்குத்தான் நஷ்டம்.

நோட்டீஸ் வந்தால் சிலர் கதவைச் சாத்திக்கிறாங்க. வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போவாங்க. நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வாங்கிப் படிங்க. தேதியைக் குறிங்க. பதிலை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு போன் செய்தாலும் வழி சொல்வாங்க.

மாட வீதியில் கூடை வைத்து பூவும் கீரையும் விற்கிற சகோதரிகளே, உங்களுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. தெரு வியாபாரியை வேறு இடத்துக்கு மாற்ற 30 நாள் நோட்டீஸ் தரணும். சரக்கை எடுத்தால் பட்டியல் தரணும். உரிய கட்டணம் கட்டினால், பூ, காய் மாதிரி அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்பித் தரணும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். அந்த நாற்காலியில் நம்ம ஆள் உட்காரணும் இல்லையா?

"இதெல்லாம் டவுன் சமாச்சாரம், எங்களுக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. நல்ல கேள்வி. நம்ம காலனித் தொகுப்பு வீடுகளை அண்ணாந்து பாருங்க. காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. போன மழையில் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில், தொட்டில் கட்டியிருந்த இடத்திலேயே காரை விழுந்தது. குழந்தை அப்போது பாட்டி மடியில் இருந்தது. ஒவ்வொரு மழையிலும் பாட்டி மடி கிடைக்குமா?

2001க்கு முன் அரசு கட்டிக்கொடுத்த ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் திட்டம் அறிவித்தாங்க. குடிசைக்குப் பதில் 3.5 லட்சம் ரூபாயில் கலைஞர் கனவு இல்லம் திட்டமும் அதே ஆண்டு வந்தது. இதில் எல்லாம் பெயர் சேர்ந்ததா என்று ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் நாமேதான் போய்க் கேட்கணும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டிய வேலை இது:

ஒன்று, உங்கள் தெருவில் விரிசல் விட்ட வீடு, கம்பி தெரியும் கூரை, ஓடைக்கரை வீடு எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுங்க.

இரண்டு, அந்த வீட்டில் கைக்குழந்தை, வயசானவங்க, நடக்க முடியாதவங்க யார் என்று குறிங்க.

மூன்று, பெருமழை வந்தால் அவங்க தங்க பள்ளிக்கூடமா, சமுதாயக்கூடமா என்று இப்போதே பேசி வைங்க. சாவி யாரிடம் என்பதையும் கேளுங்க.

நான்கு, பட்டா, ரேஷன் கார்டு, வரி ரசீதை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்க.

ஐந்து, பட்டியலை கிராம சபையில் தீர்மானமாக எழுதச் சொல்லுங்க. எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து போடுங்க. அதன் நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்குச் சேர்ந்து போவோம்.

ஒருத்தியாகப் போனால் "அப்புறம் வாம்மா" என்பாங்க. இருபது பேர் போனால் நாற்காலி போடுவாங்க. வங்கியில் இதை நாம் பார்த்தவங்கதானே!

ஐப்பசி மழைக்கு முன் பட்டியல் தயாராகட்டும்.