மலையடியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு மிதிவண்டி

(பரிசளிப்பு விழாவில் ஓர் ஆசிரியர் ஆற்றிய உரை)



நான் பெரிய பேச்சாளன் அல்ல. பயிற்சிச் சான்றிதழ் பெற்று, தோட்டப் பள்ளியில் பிள்ளைகளோடு காலம் கழிப்பவன். பரிசளிப்பு விழா என்றால் படிப்பைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நான் இன்று மிதிவண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன வாத்தியாரே, சைக்கிளுக்கு ஒரு பேச்சா?" என்று நினைக்காதீங்க. கடைசிவரை கேளுங்கள். படிப்பும் ஒழுக்கமும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

வேலைக்கு வந்தவர்களின் விடுமுறை நாள்

1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல், பல நாட்டுப் பொறியியலாளர்கள் பினாங்குக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ ஒப்பந்தம். திங்கள் முதல் வெள்ளி வரை அவர்கள் வாழ்க்கை நமக்குத் தெரிந்ததுதான்: தொழிற்சாலை, கூட்டம், சாலை நெரிசல், அடுக்குமாடி வீடு. வந்த புதிதில் வெயில் அவர்களைப் படாத பாடு படுத்துகிறது. காலை ஏழு மணியாகியும் சரியாக விடியவில்லையே என்று வியக்கிறார்கள். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த கதை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பாருங்கள்! இவர்களில் பலர் காரை வீட்டில் விட்டுவிட்டு, தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு கூட்டம் தாவரப் பூங்கா பக்கம் போகும். இன்னொரு கூட்டம் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு ஏறும். தெலுக் பஹாங் வழியாகச் சுற்றி, பாலிக் புலாவ் வயல்களையும் டுரியான் தோட்டங்களையும் பார்த்து வருகிறவர்களும் உண்டு. திரும்பும்போது கடைத்தெருவில் உட்கார்ந்து தோசையோ ரொட்டி சானாயோ சாப்பிட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அப்படி வந்த ஓர் ஐரோப்பியரோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். எந்தப் பாதையில் எந்த இடத்தில் ஓடை குறுக்கிடும், எந்தத் திருப்பத்தில் குரங்குக் கூட்டம் இருக்கும், எந்தக் கடையில் விடியற்காலையிலேயே தேநீர் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம், "கொடிமலை உச்சிக்கு ரயிலில் இல்லாமல் போனவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். ஒரு கையும் எழவில்லை. இரண்டு ஆண்டுக்கு வந்தவருக்குத் தெரிந்த மலை, அதன் அடிவாரத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெரியவில்லை. இந்த வருத்தம்தான் என்னை இன்று பேச வைத்தது.

மலையை யார் சுமந்தார்கள்?

கொடிமலையின் உயரம் 833 மீட்டர். 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பு துரைமார்கள் குதிரையில் ஏறினார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். அந்த நாற்காலியைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்கள் கூலியாட்கள். 19-ஆம் நூற்றாண்டில் இத்தீவின் பல சாலைகள், இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் போடப்பட்டவை. பின்னால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் ஏறி வந்த நம் பாட்டன் பாட்டிமார்களும் வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள்தாம். ஆனால் பெரட்டுக்கும் பால் வெட்டுக்கும் இடையில் மலையை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்?

அவர்களுக்குக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கைப்பேசியின் முன்னால் குனிந்தபடியே செலவழிப்பது நியாயமா?

"மலை ஏறுவது நமக்குப் பழக்கமில்லை சார்" என்று சொல்லிவிடாதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளை ஏறும்போது யாராவது பழக்கமில்லை என்கிறோமா? அந்தக் கோயிலுக்கு அருகில்தான் தாவரப் பூங்கா. பூங்கா வாசலருகிலிருந்துதான் கொடிமலைக்கு ஜீப் பாதை புறப்படுகிறது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர். உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது. முருகன் அங்கேயும் நமக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பல்லை எண்ணிப் பாருங்கள்

இனி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண மிதிவண்டியில் மிதிகட்டையோடு இருக்கும் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்தில் 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒருமுறை மிதித்தால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும்? 44-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. சமதரையில் வேகம் கிடைக்கும். மேட்டில் முழங்கால் கெஞ்சும்.

மலைச் சைக்கிளில் முன்னால் 32 பற்கள், பின்னால் மிகப் பெரிய சக்கரத்தில் 50 பற்கள் என்று வைப்போம். ஒருமுறை மிதித்தால் முக்கால் சுற்றுகூட வராது. ஆமை வேகம்தான். ஆனால் அதே கால், அதே பலம், செங்குத்தான மேட்டிலும் ஏறிவிடும். வகுத்தலைக் கரும்பலகையில் பார்த்துக் கொட்டாவி விடும் பையன், இந்தப் பல்லை எண்ணச் சொன்னால் கண் விழித்துக்கொள்கிறான். இது நான் வகுப்பில் கண்ட உண்மை.

பிரேக் இல்லாத வேகம்

மலைச் சைக்கிள் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பைஸ் என்னும் மலைப் பகுதியில் சில இளைஞர்கள் பழைய, கனமான, தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறங்கி விளையாடினார்கள். அந்தச் சைக்கிள்களில் பிரேக் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. மலை இறங்கி முடிப்பதற்குள் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் உருகிப் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பெயர் வைத்தார்கள். பிறகு நல்ல பிரேக்கும் கியரும் பொருத்தி, மலைக்கென்றே சைக்கிள் செய்தார்கள். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

கவனியுங்கள்: விளையாட்டு வளர்ந்தது பிரேக்கைச் சீர்படுத்தியதால். நம் நாட்டில் சில பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு பறக்கிறார்கள். 'பாசிக்கால் லாஜாக்' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் சாலைக்கு வந்த இளையோர் மீது கார் மோதி, 8 பேர் இறந்தார்கள். எட்டுத் தாய்மார்களின் வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பகலில், நல்ல பாதையில், பெரியவர்களின் துணையோடு வேகத்தை அனுபவிக்க ஒரு வழி இருந்திருந்தால், அவர்கள் நள்ளிரவைத் தேடியிருப்பார்களா? ஒவ்வொரு பெற்றோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு நேர்வழியில் பெருமையும் உண்டு, பிள்ளைகளே. திரங்கானு மாநிலம் டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பல ஆண்டுகள் தங்கிப் பயிற்சி செய்தார். வெளிநாட்டில் வாழ்ந்து மிதித்த மிதிவண்டிக்காரர் நம் நாட்டிலும் உண்டு என்பதற்கு அவரே சான்று. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 2017-இல் உலக வெற்றியாளர் பட்டம். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. ஆள் உயரமானவர் அல்லர். உழைப்புதான் உயரம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சைக்கிள்?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நான்காம் வகுப்புவரை அண்ணன் சைக்கிளில் சுற்றிவந்த பெண் பிள்ளை, ஆறாம் வகுப்பு வந்ததும் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். இடைநிலைப் பள்ளி தூரமாயிற்றே, பஸ் இல்லையே என்ற காரணத்தால் படிப்பே தளர்ந்துபோன பெண் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

நம்மில் சிலருடைய முன்னோர் ஊரான புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பித்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் சைக்கிளில் ஏறினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டி, பிள்ளையை முன்னால் உட்கார வைத்து அந்தத் தாய்மார்கள் ஓட்டிப் போனபோது கேலி அடங்கிப்போயிற்று. பஸ்ஸுக்கும், கணவனுக்கும், அண்ணனுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடுதலை. தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்து வருவதையும் நீங்கள் அறிவீர்கள்.

இன்னொரு காரணமும் நமக்குள் ஒளிந்திருக்கிறது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் என்றால் ஏழ்மை என்று நமக்கு ஓர் எண்ணம். பால் வாளியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போன தாத்தாவையும், விடியற்காலையில் மணியடித்துப் பாலும் ரொட்டியும் விற்ற பெரியவரையும் மறக்கப் பார்க்கிறோம். மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு கார் வந்தது. நல்லதுதான். ஆனால் கார் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பொறியியலாளர் விரும்பி ஏறும் வண்டியை, நாம் வெட்கப்பட்டுக் கொல்லையில் துருப்பிடிக்க விடுவானேன்? அது நம் உழைப்பின் வண்டி. அதில் வெட்கம் எதற்கு?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் சமதரையில், பள்ளித் திடலில் பழகட்டும். பிறகு தோட்டத்து மண் சாலை. கால் பலப்பட்ட பிறகு மலை. கரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தீவுக்கு வர ஃபெரி இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். 1985-இல் திறந்த பாலம் மோட்டார் வண்டிகளுக்கு உரியது. அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பவே கூடாது.

புறப்படுமுன் மூன்றைப் பாருங்கள்: காற்று, பிரேக், சங்கிலி. டயரை விரலால் அழுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள், நகரக் கூடாது. சங்கிலி தொங்காமல், எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். குறைந்தது மூன்று பேராகப் போங்கள்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இன்னொருவர் உதவி தேடலாம். போகும் பாதையை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஓட்டுங்கள். நடப்பவருக்கு வழி விடுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிற்பகல் மழைக்கு முன் வீடு திரும்பிவிடுங்கள்.

தந்தைமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சர் ஒட்டவும் சங்கிலி மாட்டவும் உங்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் கிடக்கும் பழைய வண்டியை வெளியே எடுத்து, மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழுது பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் சொல்லிக்கொடுப்பதை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

மாணவச் செல்வங்களே, 2008-இல் ஜார்ஜ்டவுன் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021-இல் கொடிமலைக் காடும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. உலகமே திரும்பிப் பார்க்கும் ஊரில் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். அதன் மரங்களையும் ஓடைகளையும் பாதைகளையும் உங்கள் சொந்தக் காலால் மிதித்து அறிந்துகொள்ளுங்கள். நாளை நீங்களும் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகலாம். அங்கே யாராவது, "உங்கள் ஊர் எப்படி இருக்கும்?" என்று கேட்டால், படத்தைக் காட்டாமல், வாயாரச் சொல்ல உங்களிடம் ஒரு மலை இருக்கட்டும்.

பரிசு பெற்ற அனைவருக்கும் என் பாராட்டுகள்.